ஜாம் ஆன எஞ்சினோடு மாருதி 800: வேலூரில் வாங்கிச் சரிசெய்யலாமா?

"பாடி நீட் சார், பேப்பர் க்ளியர், எஞ்சின் மட்டும்தான் ஜாம்." வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் பழைய மாருதி 800 தேடிப் போனால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. ஜாம் என்றால், எஞ்சின் உள்ளே பிடித்துக்கொண்டு சுற்றாமல் நிற்பது. ஓடுகிற வண்டியின் விலையில் பாதிக்கும் கீழே முடித்துக்கொடுப்பார்கள். வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் எஞ்சின் எதனால் பிடித்தது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அது தெரியாமல் பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு எழுப்பிய எஞ்சின் அடுத்த சித்திரை வெயிலில் மறுபடி பிடித்துக்கொள்ளும். இந்தப் பக்கத்து வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு ஆரம்பிக்கிற இடம் ரேடியேட்டர். உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர்வெல் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றி ஓட்டியிருப்பார்கள்.

முதலில் எஞ்சினைப் பற்றி. எஃப்8பி என்ற இந்த 796 சிசி எஞ்சின் மூன்று சிலிண்டர், ஆறு வால்வு. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 72 மி.மீ. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை இந்தக் குடும்ப எஞ்சினோடுதான் வந்தது. ஆம்னியிலும் இதே எஞ்சின். அதனால் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் செட் எதற்கும் அலைய வேண்டியதில்லை. செயின் பிளாக் ஒன்று இருந்தால் இறக்கி ஏற்றிவிடலாம். முழு வேலை பார்த்து எழுப்புவதற்கு இதைவிடத் தோதான சின்ன எஞ்சின் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஐந்து கியர் வந்த சில 800-களிலும் ஆல்டோவிலும் இருப்பது 12 வால்வு எஃப்8டி. அளவு ஒன்றுதான் என்று கடைக்காரர் சொல்வதை நம்பி கிட் வாங்காமல், பிளாக்கில் அடித்திருக்கும் நம்பர் எஃப்8பி என்று ஆரம்பிக்கிறதா என்று பார்த்து, அதைச் சொல்லிக் கேளுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது பிளக் ஸ்பேனர், சாக்கெட் செட், நீளமான கைப்பிடி, டார்ச் இவ்வளவும் கையில் இருக்கட்டும். ஜாம் என்று சொல்லப்படும் எல்லா எஞ்சினும் உண்மையில் ஜாம் ஆனதல்ல. கியரை நியூட்ரலில் போட்டு ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டர் பேரிங்கோ வாட்டர் பம்ப் பேரிங்கோ பிடித்திருந்தால் பெல்ட் கழன்றதும் எஞ்சின் சுற்றும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் பினியன் ஃப்ளைவீல் பல்லில் மாட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. ஸ்டார்ட்டரின் போல்ட்டை லூஸ் செய்தாலே விடுபட்டுவிடும். அடுத்து மூன்று பிளக்கையும் கழற்றிவிட்டு கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் சாக்கெட் போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். பிளக் ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சினால், வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது அல்லது ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது பெய்த மாதிரி மழையில் நின்ற வண்டி என்றால், சீட்டுக்கு அடியில் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். சேற்றுக் கோடு இருக்கும். தண்ணீர் நிறைந்த சிலிண்டரோடு செல்ஃப் அடித்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்க வாய்ப்புண்டு.

பெல்ட்டும் இல்லை, பிளக்கும் இல்லை, நியூட்ரலில் இருக்கிறது, அப்போதும் அசையவில்லை என்றால்தான் அது ஜாம். இனி காரணத்தைத் தேட வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். ட்யூப் வாய்களில் வெள்ளையும் காவியுமாகப் படிந்து, உப்புத் தண்ணீர் கொதித்துக் கொதித்து அடியில் ஏடு கட்டிய அண்டா மாதிரி இருந்தால் கேள்வியே வேண்டாம், இது சூட்டில் பிடித்த எஞ்சின். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயிலே ஒட்டாமல், அடியில் தார் மாதிரி கொஞ்சம் மட்டும் இருந்தால், ஆயில் இல்லாமல் ஓடிப் பிடித்த எஞ்சின். ஆயில் அளவு சரியாக, நிறமும் சாதாரணமாக, ரேடியேட்டரும் சுமாராக இருந்து, வண்டி ரெண்டு மூணு வருஷம் ஷெட்டில் நின்றது என்றால், சிலிண்டர் சுவரில் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கும்.

சூடு, ஆயில் இல்லாமை, துரு என்ற இந்த மூன்றில் கடைசி வகைதான் நல்ல பேரம். சூட்டில் பிடித்தது என்றால் போர், பிஸ்டன், ஹெட் மூன்றுக்கும் செலவு உறுதி என்று கணக்கில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். ஆயில் இல்லாமல் பிடித்ததை ஆம்னிக்கு உதிரிப் பாகம் எடுக்க வேண்டுமானால் வாங்கலாம். ஓட்டுவதற்கென்றால் விட்டுவிடுவது நல்லது. அதில் கிராங்க், ராடு, கேம்ஷாஃப்ட், ஆயில் பம்ப் எல்லாமே ஒன்றாகக் கெட்டிருக்கும்.

துருவில் ஒட்டிய எஞ்சினை விடுவிக்க அவசரம் ஆகாது. பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலும் டீசலும் சரிபாதி கலந்து, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் 40 மி.லி. அளவு ஊற்றி மூன்று நாள் விடுங்கள். தினமும் ஒருமுறை கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடியைப் போட்டு முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள். ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் போதும், மறுபடி ஊற்றிவிட்டு மறுநாள் வாருங்கள். ஒரு வாரம்கூட ஆகலாம். மூன்றாவது கியரில் போட்டுத் தள்ளுவதும், வேறு வண்டியில் கயிறு கட்டி இழுப்பதும், பேட்டரியை மாற்றி மாற்றி செல்ஃப் அடிப்பதும் ரிங்கை உடைக்கும். உடைந்த ரிங் சுவரில் கீறல் போட்டுவிடும். அதற்கப்புறம் போர் அடிக்காமல், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்காமல், தப்ப முடியாது. எஞ்சின் சுற்ற ஆரம்பித்ததும் ஆயிலை மாற்றிவிடுங்கள், ஊற்றிய டீசல் எல்லாம் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குத்தான் இறங்கியிருக்கும். பிறகு கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். மூன்று சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கலாம். ஒன்று மட்டும் இறங்கி நின்றால், அந்த பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் கோளாறு. ஏறவில்லை என்றால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ.

பிரிக்கிற வேலைக்கு வந்தால், வேலூரில் ஆள் பஞ்சமும் பட்டறை பஞ்சமும் இல்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளுக்கு வேலை பார்த்துப் பழகிய கைகள் நிறைய. பிரச்சினை வேறு. "ஹாஃப் எஞ்சின் வேலை போதும் சார், ரிங் போட்டு ஹெட்டைக் கழுவி மாட்டிடலாம்" என்பது எல்லாப் பட்டறையிலும் முதலில் வரும் யோசனை. ஓடிக்கொண்டிருக்கும்போது புகை தள்ளிய எஞ்சினுக்கு அது சரியாக இருக்கலாம். சூட்டில் பிடித்த எஞ்சினுக்கு அது வீண் செலவு. பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சுவரில் இழுபட்டிருக்கும். சுவர் வட்டமாக இருக்காது, மேலும் கீழும் ஒரே அளவாகவும் இருக்காது. வட்டமில்லாத சுவரில் வட்டமான புது ரிங்கைப் போட்டால் ஆயில் குடிக்கும், கம்ப்ரெஷன் நிற்காது. அளந்து பார்க்காமல் "ரிங் போதும்" என்று சொல்கிற மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அளப்பது என்றால், போர் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் மூன்று உயரத்தில், ஒவ்வொரு உயரத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு. ஒரு சிலிண்டருக்கு ஆறு, மூன்றுக்கும் சேர்த்து 18 அளவு. லேத்தில் (சிலிண்டர் கடையும் பட்டறையில்) இதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்கிற லேத்தைத் தேடுவதுதான் இந்த வேலையில் உங்களுடைய முக்கியமான பொறுப்பு. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். லாரி எஞ்சின் மட்டுமே அடிக்கும் லேத்தாக இருந்தால் 68.5 மி.மீ. அளவுக்கு ஏற்ற போரிங் பார் (கடையும் கருவி), ஹோனிங் கல் (சுவரை இழைக்கும் கல்) இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வரிசை முக்கியம். முதலில் அளவு, அப்புறம் பிஸ்டன் கிட், கடைசியில் போர். கடைந்து பெரிதான சிலிண்டருக்கு ஏற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 மி.மீ. என்று வரும். 0.25-ல் கீறல் போய்விடுமா என்று பார்த்து, அந்த அளவு கிட்டை வாங்கிக் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, பெட்டியில் அச்சிட்டிருக்கும் கிளியரன்ஸுக்கு (பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவிலான இடைவெளிக்கு) அடிக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் வருவதற்கு முன்பே "0.50 அடிச்சு வெச்சுட்டேன்" என்றால் அது குத்துமதிப்பு வேலை. இறுக்கமாக இருந்தால் சூட்டில் மறுபடி பிடிக்கும், தளர்வாக இருந்தால் காலையில் டக்டக்கென்று தட்டும். 0.50-லும் கீறல் போகாத சிலிண்டருக்கு லைனர் (உள்ளே செருகும் புது உருளைச் சுவர்) இறக்க வேண்டியிருக்கும். மூன்று லைனர் இறக்கும் நிலைமை என்றால் அந்த பிளாக்கை விட்டுவிட்டு வேறு பிளாக் தேடுவது மலிவு.

கிராங்கைக் கழற்றியதும் ஜர்னலில் (பேரிங் உட்காரும் வழவழப்பான பகுதியில்) நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் சிக்கினால் கிரைண்டிங் தேவை, 0.25 அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். கனெக்டிங் ராடின் பெரிய வாய்ப்பக்கம் நீலம் பாய்ந்திருந்தால் அந்த ராடு வேண்டாம். பார்க்க நேராக இருந்தாலும் சூட்டில் பலம் போயிருக்கும். அலுமினிய ஹெட்டின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திக் குறுக்காக வைத்து, 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் அடியில் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஃபேஸிங் செய்ய வேண்டும், அதாவது அந்த முகத்தைச் சமமாகச் சீவ வேண்டும். அதற்கு முன் வால்வு சீட்களுக்கு நடுவில் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்துவிடுங்கள். விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேஸிங் கூலி கொடுப்பதில் பயனில்லை.

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் லேத்திலிருந்து பிளாக் திரும்பி வந்த அன்றைக்குத்தான். ஹோனிங் கல்லின் தூள் சுவரின் கீறல்களுக்குள் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலில் கழுவினால் அது போகாது. சுடுதண்ணீரும் சோப்புத் தூளும் போட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவி, காற்று அடித்து, உடனே ஆயில் தடவ வேண்டும். பிறகு பழைய வெள்ளை வேட்டித் துணியில் ஆயில் தொட்டுச் சுவரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். பட்டறையில் பல பேர் செய்யாத வேலை இது. புது ரிங் சீக்கிரமே தேய்வதற்கு இந்தத் தூள்தான் காரணம். கிராங்கின் ஆயில் துளைகளையும் இதேபோல் கம்பி பிரஷ் விட்டுச் சுத்தம் செய்து, ஒரு பக்கம் அடித்த காற்று மறுபக்கம் வருகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

பூட்டும்போது, ரிங்கின் எழுத்துப் பக்கம் மேலே இருக்கட்டும். ரிங் வாய்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி இருக்கட்டும். மெயின் பேரிங் கேப் போல்ட் 4.3 முதல் 4.8 கிலோகிராம்-மீட்டர் டார்க் (முறுக்கு விசை), ராடு நட் 2.8 முதல் 3.2, ஹெட் போல்ட் 5.5 முதல் 6. கை அளவில் முறுக்குவது வேண்டாம், டார்க் ரெஞ்ச் வாடகைக்காவது எடுங்கள். ஒவ்வொரு கேப்பையும் முறுக்கியபின் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பில் இறுகுகிறதோ அங்கேயே நிறுத்திக் காரணம் தேட வேண்டும். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் ஏற்றுங்கள். போல்ட் ஓட்டைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கி நிற்கக்கூடாது. அதன்மேல் முறுக்கினால் பிளாக்கே விரிசல் விடும். எஞ்சின் திறந்திருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள், வால்வு சீல், கிளட்ச் பிளேட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இவற்றுக்காக மறுபடி இறக்கினால் கூலி இரட்டிப்பு. ஆயில் பம்ப்பின் உள்சுவரில் கீறல் இருந்தால் அதுவும் புதிது.

உதிரிப் பாகங்களில் எதில் காசைப் பிடிக்கலாம், எதில் கூடாது என்று கேட்டால், பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் கேஸ்கட், டைமிங் பெல்ட் ஐந்தும் ஒரிஜினல் அல்லது பெயர் பெற்ற கம்பெனியின் சரக்காக, பில்லோடு இருக்க வேண்டும். மவுன்டிங், ஹோஸ் கிளிப், மூடி, ரப்பர் சாமான்களில் லோக்கல் சரக்கு ஓடும். ரேடியேட்டர் ஹோஸ் மட்டும் விதிவிலக்கு, அதில் லோக்கல் வேண்டாம்.

இப்போது ரேடியேட்டர். பித்தளை ரேடியேட்டராக இருந்தால் மேல் தொட்டியைக் கழற்றி, ட்யூப்களுக்குள் கம்பி விட்டு ராடு அடித்துச் சுத்தம் செய்து மறுபடி ஈயம் வைக்கலாம். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர் என்றால் அதை மாற்றுவதுதான் சரி. பிளாக்கின் பக்கவாட்டுத் தகட்டு மூடிகளைத் தட்டி எடுத்து, உள்ளே சிலிண்டரைச் சுற்றி அடைந்திருக்கும் காவிச் சேற்றைக் கம்பி விட்டுக் கிளறி வெளியே எடுங்கள். மூன்றாவது சிலிண்டர் பக்கம் கை நிறைய வரும். தகட்டு மூடி புதிதாகப் போடுங்கள்.

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு தெர்மோஸ்டாட். அதைப் பிடுங்கி எறிவது நம் ஊர் வழக்கம். "வேலூர் வெயிலுக்கு அது எதுக்கு சார்" என்பார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடாகும் முன்பே தண்ணீர் ரேடியேட்டர் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும்; ஹைவேயில் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது. புது தெர்மோஸ்டாட் போடுங்கள். ரேடியேட்டர் மூடி 0.9 என்று அச்சிட்டதாக இருக்கட்டும். ஃபேன் ஸ்விட்ச்சை டைரக்ட் செய்திருந்தால் அதையும் பழையபடி மாற்றுங்கள். உள்ளே ஊற்ற வேண்டியது கூலன்ட். கலக்கத் தண்ணீர் வேண்டுமானால் பேட்டரித் தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்). பாலாற்றங்கரைக் கிணறாக இருந்தாலும், வீட்டு போர்வெல்லாக இருந்தாலும், அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட இனி இதற்குள் போகக்கூடாது.

வேறு எஞ்சின் வாங்கிப் போட்டுவிடலாம் என்று பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் உண்டு. வேலை சீக்கிரம் முடியும், உண்மை. ஆனால் கீழே வைத்த எஞ்சினில் ஸ்டார்ட்டர் கொடுத்துக் கம்ப்ரெஷன் காட்டச் சொல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பில் கேளுங்கள். எஞ்சின் நம்பர் மாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்டிஓவில் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) பதிய வேண்டும். பதியாத எஞ்சினோடு எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போனால் திரும்பி வர வேண்டியதுதான். சொந்த பிளாக் தேறும் என்றால் அதையே சரிசெய்வது நிம்மதி.

பேப்பர் கணக்கை எஞ்சின் கணக்குக்கு முன்பே போட்டுவிடுங்கள். 15 வருஷம் முடிந்த காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்க வேண்டும். 20 வருஷத்துக்கு உட்பட்டதற்குக் கட்டணம் ₹5,000. 20 தாண்டியதற்கு 2025 ஆகஸ்ட் முதல் ₹10,000. பசுமை வரி தனி. புதுப்பிக்காமல் ஷெட்டில் நின்ற வண்டிக்கு மத்திய விதிப்படி தாமதத்துக்கு மாதம் ₹500 சேர்ந்துகொண்டே போகும். மூன்று வருஷம் நின்றால் ₹18,000. ஜாம் ஆன வண்டி பெரும்பாலும் இப்படி நின்ற வண்டிதான். அரசின் பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு ஆர்சி காலாவதி, ஃபைனான்ஸ் பதிவு, அபராதம் மூன்றையும் பார்த்து, கட்ட வேண்டிய தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் மூன்றையும் கழற்றிவிட்டு, பத்துப் பத்து செகண்டாக செல்ஃப் அடியுங்கள். ஆயில் லைட் அணைந்த பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும். எஞ்சின் எழுந்ததும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தபடியே காற்றுக் குமிழ் அடங்கும்வரை கூலன்ட் ஊற்றிக்கொண்டிருங்கள். குமிழ் அடங்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் பிடிக்கவில்லை என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள். 500 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். முதல் 1,000 கி.மீ.க்கு வேகம் 60-ஐத் தாண்ட வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டவும் வேண்டாம். ஆற்காடு போய்த் திரும்புவது நல்ல பழக்க ஓட்டம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் அதுவரை வேண்டாம்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் நாளில், மதியம் பன்னிரண்டு மணி வெயிலில், ஏசி இருந்தால் அதையும் போட்டு, நின்ற இடத்திலேயே இருபது நிமிஷம் எஞ்சினை ஓடவிடுங்கள். ஃபேன் தானாகப் போட்டு, தானாக நின்று, மறுபடி போட வேண்டும். முள் நடுவைத் தாண்டக்கூடாது. பாக்கிப் பணத்தை அதற்கப்புறம் கொடுத்துவிட்டு, கிரீன் சர்க்கிள் நெரிசல் வழியாகவே வீட்டுக்கு ஓட்டி வரலாம்.